வெட்டியவனுக்கு அப்பீலில் தண்டனை குறைவது ஏன், எது வரை சரி?

கேள்வி கேட்ட தம்பிக்கு ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலை ஊர். 2019-ல் அவருடைய சித்தப்பாவைப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் வெட்டியிருக்கிறான். வேலியோரம் நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி யாருக்குச் சொந்தம் என்று தகராறு. வலது கையில் மூன்று வெட்டு, தலையில் ஒன்று. சேலம் செஷன்ஸ் கோர்ட் கொலை முயற்சி என்று 307-வது பிரிவில் பத்து வருடம் கொடுத்தது. ஹைகோர்ட் அதைக் கொடுங்காயம் என்று 326-க்கு மாற்றி, ஐந்து வருடமாகக் குறைத்துவிட்டது. "இளம் வயது, முதல் குற்றம், திருந்த வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் சித்தப்பாவின் கைக்கு யார் வாய்ப்புத் தருவார்கள்?" என்று கேட்கிறார்.

சேலத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். பெரும்பாலும் சட்ட உதவி வழக்குகள். வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிகளுக்காக வாதாடுவது. வெட்டுப்பட்டவர்கள் பக்கம் நின்று அரசு வக்கீலுக்கு உதவியதும் உண்டு. இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் என் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

தம்பி, உங்கள் கோபத்தில் தப்பே இல்லை. ஆனால் அப்பீல் தீர்ப்பில் இரண்டு வேறு காரியங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, எந்தக் குற்றம் நிரூபணமானது என்பது. இரண்டாவது, அந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்பது. முதலாவது இரக்கம் சம்பந்தப்பட்டதே இல்லை. கொல்லும் எண்ணம் இருந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். என்ன ஆயுதம், உடம்பில் எந்த இடம், எத்தனை வெட்டு, எவ்வளவு ஆழம், வெட்டும்போது என்ன சொன்னான், ஆள் ஓடி வந்து தடுத்ததால் நிறுத்தினானா, தானாக நிறுத்தினானா. அந்த எண்ணம் சந்தேகமில்லாமல் நிரூபணமாகவில்லை என்றால் 307 நிற்காது. அதில் யாருக்கும் சலுகை தரப்படவில்லை.

ஆனால் உங்கள் வழக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காயம் ஏற்பட்ட கொலை முயற்சிக்கு 307-ல் ஆயுள் வரை கொடுக்கலாம், அல்லது பத்து வருடம் வரை. ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் என்ற 326-லும் அதேதான், ஆயுள் வரை அல்லது பத்து வருடம் வரை. சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அதாவது, பிரிவு மாறியதால் தண்டனை குறைந்தே ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 326-ன் கீழேயே பத்து வருடத்தை அப்படியே வைத்திருக்க முடியும். ஐந்து வருடம் என்பது நீதிபதிகள் யோசித்து எடுத்த முடிவு. ஆகவே எதை வைத்து யோசித்தார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. என் பதிலும் அதைப் பற்றித்தான்.

நான் எப்போதும் பிடித்துக்கொள்ளும் கணக்கு இது. செய்த காரியம் தண்டனைக்குக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் போடுகிறது. செய்த ஆள் எப்படிப்பட்டவன், திருந்துவானா என்பது அந்த இரண்டு எல்லைகளுக்குள் தண்டனையை நகர்த்தலாம். எல்லையைத் தாண்டி நகர்த்தக் கூடாது. எவ்வளவு நல்லவனாக மாறியிருந்தாலும் கீழ் எல்லைக்குக் கீழே போனால், வெட்டுப்பட்டவரின் கைக்கு விலையே இல்லை என்று ஆகிவிடும். எவ்வளவு முரடனாக இருந்தாலும் மேல் எல்லையைத் தாண்டினால், செய்ததற்காக இல்லாமல் இனிமேல் செய்துவிடுவானோ என்ற பயத்துக்காகத் தண்டிப்பதாக ஆகிவிடும்.

மலையில் இந்த எல்லை போடும் வேலை கொஞ்சம் நுணுக்கமானது. சேலம் டவுனுக்குள் அஸ்தம்பட்டியிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ ஒருவன் கடைக்கு அரிவாளோடு வந்தால், அதற்கென்றே எடுத்து வந்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளலாம். சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்தில் கவாத்து நடக்கும் நாட்களில் இடுப்பில் கத்தி இல்லாத ஆளைப் பார்க்க முடியாது. கிளை கழிக்க, நிழல் மரத்தைத் தறிக்க, வழியில் முள்ளை வெட்ட எல்லாவற்றுக்கும் அதே கத்தி. வாய்ச்சண்டை முற்றும்போது கைக்கு முதலில் வருவதும் அதுதான். அதனால் மலை வழக்கு என்றால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். கத்தி ஏற்கெனவே கையில் இருந்ததா, வீட்டுக்குப் போய் எடுத்து வந்தானா? ஒரு வழக்கில் திடீர்ச் சண்டை என்று முழு மூச்சாக வாதாடினேன். டீக்கடைக்காரர் சாட்சிக் கூண்டில், "திட்டிக்கிட்டுப் போனாருங்க, நான் ரெண்டு செட்டு டீ போட்டு முடிக்கறதுக்குள்ள கத்தியோட திரும்பி வந்தாருங்க" என்றார். அந்த இரண்டு செட்டு டீ என் வாதத்தை முடித்துவிட்டது. முடித்ததும் சரிதான். கோபம் ஆறுவதற்குக் கிடைத்த நேரத்தில் ஆயுதத்தைத் தேடிப் போனவனுக்கு மேல் எல்லை உயரத்தான் வேண்டும். உங்கள் சித்தப்பா வழக்கில் சாட்சியம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்று தீர்ப்பில் தேடிப் பாருங்கள்.

அடுத்தது, ஆள் எப்படிப்பட்டவன் என்ற பகுதி. நம் நீதிமன்றங்கள் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது இங்கேதான். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2) சொன்னது. புதிய சட்டத்தில் அது 258(2). இந்த விசாரணை கட்டாயம் என்று 1976-லேயே சாந்தா சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நடப்பது என்ன? நீதிபதி கேட்பார், "தண்டனை பற்றி ஏதாவது சொல்றியா?" கூண்டில் நிற்பவன் கை கூப்புவான். "புள்ளகுட்டி இருக்குதுங்க ஐயா, நான்தான் சம்பாதிச்சுக் காப்பாத்தணும், பாத்துக் கொறச்சுக் குடுங்க ஐயா." நாங்கள் எழுந்து, இளம் வயது, முதல் குற்றம், வயதான தாய் தந்தை என்று சொல்லி உட்காருவோம். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு தண்டனை. ஐந்து நிமிடம் ஆகாது. பத்து வருடத்தை முடிவு செய்ய அவ்வளவுதான் நேரம். அப்பீலிலும் அதே மூன்று வரிதான் திரும்ப வரும். உங்கள் தீர்ப்பில் இருக்கும் "இளம் வயது, முதல் குற்றம்" அங்கிருந்து வந்தது.

இளம் வயது என்பது பிறந்த தேதி. முதல் குற்றம் என்பது போலீஸ் பதிவேட்டில் வேறு வழக்கு இல்லை என்பது. இரண்டுமே அவன் திருந்தியதற்கு ஆதாரம் ஆகாது. திருந்துவான் என்ற நம்பிக்கைக்குக் காரணம் ஆகலாம், அவ்வளவுதான்.

தூக்குத் தண்டனை வழக்குகளில் இப்போது இப்படி விடுவதில்லை. 1980-ல் பச்சன் சிங் வழக்கில், ஒருவன் திருந்தவே மாட்டான் என்பதை அரசுதான் ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்று சொன்னார்கள். அது வெகுகாலம் ஏட்டளவில் கிடந்தது. 2022-ல் மனோஜ் என்பவரின் மத்தியப் பிரதேச வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதற்கு வழிமுறையே வகுத்தது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, சிறையில் நடந்துகொண்ட விதம் பற்றிய அறிக்கை, மனநல மதிப்பீடு எல்லாம் வர வேண்டும். நம் கடலூர் மாவட்டத்து வழக்கு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். 2009-ல் ஏழு வயதுப் பையனைப் பணத்துக்காகக் கடத்திக் கொன்றவனுக்குத் தூக்கு. ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தன. மறுசீராய்வில்தான், இவன் திருந்துவானா என்று எந்தக் கோர்ட்டும் முறையாகப் பார்க்கவில்லை என்பது வெளியே வந்தது. சிறை அறிக்கையை வரவழைத்தார்கள். உள்ளே இருந்தபடியே உணவுத் தயாரிப்பில் டிப்ளோமா முடித்திருந்தான். 2013-ல் தப்பிக்க முயன்றதும் அந்தக் கணக்கில் இருந்தது. நல்லதையும் கெட்டதையும் சேர்த்துப் பார்த்துத்தான் 2023 மார்ச்சில் தூக்கை ரத்து செய்தார்கள். விட்டுவிடவும் இல்லை. தண்டனைக் கழிவே, அதாவது நாள் குறைப்பே, இல்லாமல் 20 வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்றார்கள். இப்படிக் கழிவில்லாத ஆண்டுக் கணக்குப் போடும் அதிகாரம் ஹைகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் மட்டும்தான் உண்டு, செஷன்ஸ் கோர்ட்டுக்குக் கிடையாது என்று 2015-லேயே அரசியல் சாசன அமர்வு தீர்த்துவைத்திருக்கிறது.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது அதன் உழைப்பு. இதே உழைப்பை ஏன் பத்து வருடத் தண்டனைக்குச் செய்யக் கூடாது? தூக்கா ஆயுளா என்றால் மட்டும் அறிக்கை கேட்கிறோம். பத்தா ஐந்தா என்றால் மூன்று வரியோடு முடிக்கிறோம். மாவட்டத்துக்கு மாவட்டம் நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். சேலம் மத்திய சிறையில் ஒவ்வொரு கைதிக்கும் நடத்தைப் பதிவு இருக்கிறது. கேட்டால் வரும். கேட்பதில்லை.

என்னுடைய வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஆளும் ஊரும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மலையில் இருந்து வந்தவன். திருவிழா முடிந்த இரவு, குடித்துவிட்டு அக்கா புருஷனோடு சண்டை. தோட்டத்தில் இருந்து நேராக வந்ததால் கத்தி இடுப்பிலேயே இருந்தது. ஒரே வெட்டு, கழுத்தில். ஆள் மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவது வளைவில் என்று அந்த அக்காவுக்குத் தெரியும். என்னிடம் சொல்லியிருக்கிறார்.

செஷன்ஸில் கொலை என்று 302, ஆயுள். அப்பீலுக்காக மத்திய சிறைக்கு அவனைப் பார்க்கப் போனேன். வாதாடுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, ஒன்றும் இல்லை என்றான். போகும் நேரத்தில் வார்டர் சொன்னார், "சார், இவன் சம்பளத்த எல்லாம் வெளியதான் அனுப்புறான்." கேட்டேன். தயங்கித் தயங்கி ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து காட்டினான். மணியார்டர் ரசீதுகள். சிறையில் தறி வேலைக்குக் கிடைக்கும் கூலியில் மாதாமாதம் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறான். முந்நூறு, நானூறு, ஒரு மாதம் நூற்று எண்பது. முதல் எட்டு மாத ரசீதுகளில் "பெற மறுப்பு" என்று எழுதித் திரும்பி வந்திருந்தது. ஒன்பதாவது மாதம் அக்கா வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த ரசீதுகளைத் தேதி வரிசைப்படி அடுக்கி, அப்பீலுக்காகக் கோர்ட்டில் கொடுக்கும் ஆவணத் தொகுப்பான டைப்செட்டில் சேர்த்தேன். முன்கூட்டி யோசிக்காத திடீர்ச் சண்டை, ஒரே வெட்டு என்ற வாதத்தில் 302-ஐ, கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்ற 304 ஆக மாற்றினார்கள். அது சட்டப்படி வந்தது. எத்தனை வருடம் என்ற கேள்வி வந்தபோது நீதிபதி அந்தப் பக்கங்களைப் புரட்டினார். திரும்பி வந்த எட்டு ரசீதுகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். "பணம் திரும்பி வந்த பிறகும் அனுப்பியிருக்கிறானா?" என்று கேட்டார். ஏழு வருடம் என்று தீர்ப்பானது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். செத்தவர் அவருடைய புருஷன், கொன்றவன் அவருடைய தம்பி. கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவன் வெளிய வரட்டுங்க. ஆனா எங்க ஊட்டுப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லிருங்க." தண்டனையும் திருந்துவதும் எப்படி ஒன்றாக நிற்க முடியும் என்று யார் கேட்டாலும் எனக்கு ஞாபகம் வருவது அந்தப் பேச்சுதான். அவருக்கு அவன் சிறையில் சாக வேண்டியதில்லை. மன்னித்துவிட்டதாகச் சொல்லவும் மாட்டார். இரண்டுமே அவருடைய உரிமை.

எதிர்ப்பக்க அனுபவமும் எனக்கு உண்டு. சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மனைவியைக் கத்தியால் குத்தியவன் ஒருவனுக்கு அப்பீல் நடத்தினேன். மனைவியே சமரச பிரமாணப் பத்திரம் கொடுத்தார். குடும்பம் சேர்ந்துவிட்டது, குழந்தைகளுக்கு அப்பா வேண்டும் என்று. நானும் அதைத் தூக்கிப் பிடித்து வாதாடினேன். இதுவரை உள்ளே இருந்த காலமே போதும் என்று தண்டனை குறைந்தது. நான்கு மாதம் கழித்து ஒரு விடியற்காலை அந்தப் பெண்ணின் அம்மா கூப்பிட்டார். மறுபடியும் குத்திவிட்டான். உயிர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது, அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மாமியார் வீட்டு ஆட்கள் ஆறு பேர் சுற்றி நின்றதைச் சொன்னார். அதன் பிறகு, சமரசம் என்று ஒரு பத்திரம் என் மேசைக்கு வந்தால், சம்பந்தப்பட்டவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசாமல் தாக்கல் செய்வதில்லை. எட்டு ரசீது திரும்பி வந்தும் அனுப்பியவனுக்கும், ஆறு பேரை நிறுத்திக் கையெழுத்து வாங்கியவனுக்கும் தீர்ப்பில் எழுதப்படும் வாக்கியம் ஒன்றாகவே இருந்துவிடுகிறது. 'திருந்த வாய்ப்பு.' அதுதான் என்னை உறுத்துகிறது.

நஷ்டஈடு பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் தீர்ப்பில் ஐம்பதாயிரம் கொடுக்கச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். தண்டனையைக் குறைத்துவிட்டுப் பணத்தைக் கூட்டுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. காசு உள்ளவன் வருடத்தை வாங்கிக்கொள்கிறான் என்ற எண்ணத்தை அது ஊரில் விதைக்கிறது. 2024-ல் குஜராத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகக் கண்டித்தது. நஷ்டஈடு பாதிக்கப்பட்டவருக்கு உரியது, தண்டனை குறைப்பதற்கு அது காரணமாக முடியாது என்று. கோர்ட் நஷ்டஈட்டைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும் என்று 2013-லேயே அங்குஷ் கெய்க்வாட் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி ஒன்றுதான். தண்டனையைத் தனியாக முடிவு செய், பணத்தைத் தனியாக முடிவு செய்.

பணம் எவ்வளவு என்பதற்கு உங்கள் சித்தப்பா என்ன இழந்தார் என்பது கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் எழுதிய ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். காபிப் பழம் பறிக்கும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர மாட்டேன் என்கிறது, பழத்தோடு காம்பும் கிளையும் பிய்ந்து வருகிறது என்று. காம்பு பிய்ந்தால் அடுத்த வருடம் அந்த இடத்தில் பூ வராது, அதனால் யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று. இது தீர்ப்பில் எங்கே இருக்கிறது? காயச் சான்றிதழில் "வலது முன்கையில் வெட்டுக் காயம், தசைநார் அறுபட்டது" என்று மட்டும் இருக்கும். குற்றவாளியின் எதிர்காலம் தீர்ப்பில் ஒரு பத்தி, வெட்டுப்பட்டவரின் எதிர்காலம் காயச் சான்றிதழில் ஒரு வரி. பாதிக்கப்பட்டவரின் வாழ்க்கையில் ஏற்பட்ட விளைவைச் சொல்லும் வாக்குமூலம் தண்டனைக்கு முன் கோர்ட்டுக்கு வர வேண்டும் என்று 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் நீதிபதி மதன் லோகூர் எழுதினார். நம் பக்கத்தில் அது இன்னும் வழக்கமாகவில்லை.

காலதாமதம் இன்னொரு தொல்லை. அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். இடையில் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கிடைத்திருந்தால், நீதிபதி முன்னால் இருப்பது வெட்டிய நாளில் இருந்த ஆள் இல்லை. கல்யாணமாகி, குழந்தை பிறந்து, கடை வைத்திருப்பவன். இவனை மறுபடி உள்ளே அனுப்ப வேண்டுமா என்று கை தயங்கும். அந்தத் தயக்கத்தை நான் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அமைதியாகக் கழிந்த ஐந்தாறு வருடம் என்பது உண்மையான ஆதாரம்தான். ஆனால் அதே ஐந்தாறு வருடம் உங்கள் சித்தப்பாவும் கத்தி பிடிக்க முடியாமல் காத்திருந்தார். ஒருவருக்குச் சாதகமாக எண்ணப்படும் காலம் மற்றவருக்கும் எண்ணப்பட வேண்டும்.

சேலத்துக்காரர்கள் இந்தப் பேச்சை எடுத்தால் தர்மபுரி பஸ் எரிப்பில்தான் போய் நிற்பார்கள். 2000 பிப்ரவரி 2-ல் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் பஸ்ஸுக்குள் எரிந்துபோனார்கள். வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2007 பிப்ரவரியில் இங்கேதான் மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. அன்று கோர்ட் வளாகத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன். அதே வருடக் கடைசியில் ஹைகோர்ட் உறுதி செய்தது, 2010-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. 2016-ல் மறுசீராய்வில், கூட்ட வெறியில் நிதானம் இழந்து செய்த காரியம், அந்த மாணவிகளைக் கொல்ல வேண்டும் என்று திட்டமிட்டு வந்தவர்கள் அல்லர் என்று சொல்லி ஆயுளாகக் குறைத்தார்கள். 2018 நவம்பரில் மாநில அரசின் பரிந்துரையை ஆளுநர் ஏற்று மூவரும் வெளியே வந்துவிட்டார்கள். தூக்கை ஆயுளாக்கியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒருவனை அரசு கொல்வதை நான் என்றுமே ஏற்றதில்லை. ஆனால் அந்த விடுதலை எந்த நீதிபதியும் பெற்றோர்களின் குரலைக் கேட்டு, சிறை அறிக்கையைப் படித்து எழுதியதல்ல. அரசாங்கம் எடுத்த முடிவு. அப்பீலில் கவனமாக எடைபோட்ட தண்டனையும் இப்படி வேறு வாசல் வழியாகக் கரைந்துபோகலாம். மகளை இழந்த வீட்டுக்கு அந்தச் செய்தி டிவியில்தான் வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. தண்டனை போதவில்லை என்று அப்பீல் போகும் உரிமை அரசுக்குத்தான் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 377, புதியதில் 418. செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து அரசு அப்படிப் போகாமல் குற்றவாளி மட்டும் போயிருந்தால், அவனுடைய அப்பீலிலேயே தண்டனையை ஏற்ற முடியாது. தன் அப்பீலால் தானே கெட்டுப்போகக் கூடாது என்பது விதி. 2025-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சுப்ரீம் கோர்ட் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர், விடுதலையை எதிர்த்தோ, குறைந்த குற்றத்துக்குத் தண்டித்ததை எதிர்த்தோ, நஷ்டஈடு போதாது என்றோ அப்பீல் போகலாம். தண்டனை போதாது என்று மட்டும் போக முடியாது என்று 2020-ல் பர்விந்தர் கன்சால் வழக்கில் முடிவாகிவிட்டது. இந்தச் சட்டம் மாற வேண்டும் என்பது என் கருத்து.

சுப்ரீம் கோர்ட்டுக்குச் சிறப்பு அனுமதி மனுவோடு போவது ஒரு வழி. ஹைகோர்ட் தீர்ப்புத் தேதியில் இருந்து தொண்ணூறு நாள். அனுமதி கிடைக்கும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஐந்து வருடத்தைப் பத்தாக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அரசே போக வேண்டும் என்று அரசுத் தலைமைக் குற்றவியல் வழக்கறிஞருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். விசாரணை தொடங்கியதில் இருந்து அப்பீல் வரை எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தன் பேச்சைச் சொல்ல உரிமை உண்டு என்று 2022-ல் லக்கிம்பூர் கேரி வழக்கில் சொன்னதை அதில் குறிப்பிடுங்கள்.

உங்கள் சித்தப்பாவுக்கு அதைவிடப் பலன் தரக்கூடியது வேறு. வெட்டியவன் தரும் ஐம்பதாயிரத்தோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசிடம் தனியாகக் கேட்கலாம். சேலத்தில் அந்த அலுவலகம் கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, வக்கீல் கட்டணம் கிடையாது. ஊனச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் முதலில் அதை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில், வெட்டுக்கு முந்தைய சீசனில் தோட்டத்தில் வாங்கிய கூலிச் சீட்டு, எது கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலிச் சீட்டு இல்லாவிட்டால் அவரோடு வேலை பார்த்த இரண்டு பேர் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

அவன் வெளியே வந்தபின் என்ன என்று பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அடுத்தடுத்த தோட்டம், ஒரே பாதை. பரோல் கேட்டாலும் முன்விடுதலை கேட்டாலும் சிறை நிர்வாகம் உள்ளூர் போலீசிடமும் நன்னடத்தை அலுவலரிடமும் அறிக்கை கேட்கும். அந்த அலுவலரை இப்போதே போய்ப் பார்த்து, சித்தப்பா என்ன நினைக்கிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அந்த மிளகுக்கொடி மரம் யாருடையது என்பதற்கு சர்வேயர் அளந்து கல் நட்டாரா? தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவன் திரும்பி வருவதற்குள் தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனுப் போட்டுவிடுங்கள்.